பதிலளித்தவர் 14

அன்புள்ள ராஜாத்தி,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது போய்விட்டது, வலது நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. உன் பேத்தி காதுகுத்துக்கு வராததற்கு நீ இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருப்பாய். அதற்குச் சமாதானம் சொல்லி எழுத வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்து, இப்போது அதைவிடப் பெரிய தப்பு ஒன்று பண்ணிவிட்டேன். இனி காதுகுத்தெல்லாம் சில்லறைக் கணக்கு.

நம்ம சூளைப் பிள்ளைகள் கதையைக் கயலிடம் சொல்லிவிட்டேன்.

திட்டுவதை நிறுத்திவிட்டு மேலே படி. கயல் பிஎச்.டி. பண்ணுவது உனக்குத் தெரியும் (இன்னும் முடிக்கலையா என்று அவளிடம் கேட்டுவிடாதே, போன தடவை சித்தப்பா கேட்டுவிட்டு பட்ட பாடு போதும்). அரசாங்கம் ஒரு திட்டத்தை எப்படிப் போடுகிறது, அதை அறிஞர்கள் எப்படி எப்படியெல்லாம் விளக்குகிறார்கள் என்பது விஷயம். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது சத்துணவு. வீட்டுக்குள்ளேயே 38 வருஷம் அமைப்பாளராக இருந்த ஒருத்தி உட்கார்ந்திருக்க, ஊர் ஊராகப் போய் 13 பேரைப் பேட்டி எடுத்துவிட்டு, கடைசியில்தான் என்னிடம் வந்தாள். போனை நடுவில் வைத்து, "உங்கள் பெயர், வயது, பணியில் சேர்ந்த ஆண்டு" என்கிறாள். பெற்ற மகள் நீங்கள் போட்டுப் பேசினால் எப்படி இருக்கும்? இப்போது அவள் ஆய்வேட்டில் நான் 'பதிலளித்தவர் 14'. சம்பளப் பட்டியலில்கூட எனக்கு இவ்வளவு மரியாதையான பெயர் இருந்ததில்லை.

சரி, நம்மைப் பற்றி என்னதான் எழுதுகிறார்கள் பார்ப்போம் என்று அவள் தாள்களைப் படிக்க ஆரம்பித்தேன். புரியாததை வெங்காயம் உரிக்க உட்காரவைத்துச் சொல்ல வைத்தேன். முதல் பக்கத்தில் ஒரு வட்டம். பிரச்சினை தெரிகிறது, யோசிக்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள், செய்கிறார்கள், சரியாக நடந்ததா என்று பார்க்கிறார்கள், திரும்ப முதலிலிருந்து. லாஸ்வெல் என்ற அமெரிக்கர் 1956-லேயே கொள்கை முடிவை ஏழு கட்டமாகப் பிரித்துவிட்டாராம், இந்த மாதிரி வட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தாத்தா. அதே 1956-ல்தான் இங்கே காமராஜர் மதிய உணவு ஆரம்பித்தார். அவர் எந்த வட்டத்தைப் பார்த்தார் என்று கேட்டேன். அவளுக்கே அந்த வட்டத்தில் நம்பிக்கை இல்லை, பாடம் நடத்த வசதி, அவ்வளவுதான் என்றாள்.

அதற்கடுத்துதான் சுவாரசியம். கிங்டன் என்று ஒருத்தர், 1984-ல் எழுதியது. வாஷிங்டனில் உடல்நலம், போக்குவரத்து இரண்டு துறையிலும் இருந்த ஆட்களை நாலு வருஷம் விடாமல் பேட்டி எடுத்திருக்கிறார், மொத்தம் 247. அவர் சொல்வது இது. பிரச்சினை ஒரு ஓடை, தீர்வு ஒரு ஓடை, அரசியல் ஒரு ஓடை. மூன்றும் அதது பாட்டுக்குத் தனித்தனியாக ஓடும். எப்போதாவது ஒரு ஜன்னல் திறக்கும், அந்த நேரம் பார்த்து மூன்றையும் முடிச்சுப் போட ஒரு ஆள் வேண்டும், விட்டால் ஜன்னல் மூடிக்கொள்ளும். இதை நம்ம கதையில் வைத்துப் பார். பசி என்ற ஓடை வற்றின நாளே கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே சோறு போடலாம் என்ற தீர்வும் பழசு, 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்டது, பின்னால் நின்று போனது, 1956-ல் மறுபடி வந்தது. நீயும் நானும் தின்றோமே மஞ்சள் உப்புமா, அது 'கேர்' என்ற தொண்டு நிறுவனம் அனுப்பிய அமெரிக்கச் சரக்கு. (நீ பாவாடை மடிப்பில் தம்பிக்கு ஒளித்துக்கொண்டு போவாயே, அதையும் சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் அம்மா, அது பேட்டிக்கு வெளியே என்றாள்.) மூன்றாவது அரசியல். 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள், அதே வருஷம் ஜெயித்துத் திரும்பி வந்தார். 1982 ஜூலை 1, பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கி வைத்தார். ஜன்னல் திறந்தாயிற்று.

எல்லாம் சரி, கும்பகோணத்தில் சின்ன வயதில் அந்த மனிதர் பசித்துக் கிடந்தாரே, அது எந்த ஓடையில் வருகிறது என்று கேட்டேன். முடிச்சுப் போடுகிற ஆளின் சொந்தக் கதைக்கும் இடம் உண்டு என்று இழுத்தாள். எனக்குத் திருப்தியில்லை. நீ வந்தால் சண்டை போடலாம்.

இந்த ஓடைக்கெல்லாம் மூலம் 1972-ல் கோஹென், மார்ச், ஓல்சென் என்று மூன்று பேர் எழுதிய 'குப்பைத்தொட்டி' கோட்பாடாம். சத்தியமாக அதுதான் பெயர். பல்கலைக்கழகங்களை வைத்து எழுதியிருக்கிறார்கள். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பிரச்சினையைத் தேடி அலைகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு என்கிறார்கள். நம்ம மையத்தைச் சோதனை போட வருவாரே பச்சை மசி ஐயா, அவர்தான் கண்முன் வந்து நின்றார். பிள்ளைகள் வரத்துக் குறைந்ததா, புகையில்லா அடுப்பு. அரிசியில் வண்டா, புகையில்லா அடுப்பு. லட்சுமியக்காவுக்கும் கமலா ஆயாவுக்கும் சண்டையா, அதற்கும் அதே அடுப்புத்தான். அந்த அடுப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, கோழி முட்டையிடுகிறது.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. லிண்ட்ப்ளாம் என்பவர் 1959-ல் எழுதியிருக்கிறார்: எந்த அதிகாரியும் எல்லா வழியையும் அலசிப் பார்த்து முடிவெடுப்பதில்லை, அது முடியவும் முடியாது, நேற்று செய்ததிலிருந்து ஒரு சிறு எட்டு தள்ளிப் போவார், சரிப்பட்டால் இன்னொரு எட்டு. தட்டுத்தடுமாறிப் போய்ச் சேருவது. இதற்கு உதாரணம் என்னிடமே இருந்தது என்று கயலுக்கு ஒரே சந்தோஷம். 1989-ல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, 2010-ல் ஐந்து. முட்டை முட்டையாகக் கொள்கை வளர்ந்ததாம். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பதிவேடு வளர்ந்ததை லிண்ட்ப்ளாம் பார்க்கவில்லை.

சமையல்கூடத்துக் கூரை ஞாபகம் இருக்கிறதா? மூன்று மழைக்காலம். அதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறதடி! கலிபோர்னியாவில் ஓக்லாந்து என்று ஒரு ஊர். 1966-ல் மத்திய அரசு 2.3 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, வேலையில்லாதவர்களுக்கு 3,000 வேலை வரும் என்று அறிவித்தது. யாரும் எதிர்க்கவில்லை, பணமும் இருந்தது, ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று பிரஸ்மேன், வில்டாவ்ஸ்கி இரண்டு பேரும் தேடிப்போய் 1973-ல் எழுதியிருக்கிறார்கள். காரியம் நடக்க 70 சம்மதம் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு உண்டு என்று வைத்தாலும், எழுபதையும் தாண்டி வருவதற்கு வாய்ப்பு பாதிக்குக் கீழே. நம்பாமல் கயல் போனில் நானே பெருக்கிப் பார்த்தேன். நாலு ஓலை மாற்ற நாம் எத்தனை கையெழுத்துக்கு அலைந்தோம்? எதிரி ஒருத்தர்கூட இல்லை, எல்லாரும் "செய்துடலாம்மா" என்றார்கள். நான் இத்தனை நாளும் யாரையோ சபித்துக்கொண்டிருந்தேன். சபிக்க ஆளே இல்லை, வெறும் கணக்கு.

இவ்வளவும் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லிப்ஸ்கி வந்தார்.

1980-ல் எழுதியவர். வாத்தியார், போலீஸ்காரர், உதவித்தொகை மேசையில் உட்கார்ந்திருப்பவர், இவர்களைப் பற்றி. ஆள் அதிகம், நேரமும் சரக்கும் குறைவு, விதியோ எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதில்லை. அதனால் அந்த ஆள் தானாக ஒரு வழி கண்டுபிடித்து ஓட்டுகிறார், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று அங்கேயே முடிவு செய்கிறார். ஜனங்கள் கையில் வந்து சேருவது அந்த முடிவுதான். ஆகவே கோட்டையில் எழுதியதைவிட அதைத்தான் கொள்கை என்று சொல்ல வேண்டும் என்கிறார். ராஜாத்தி, நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 38 வருஷமாக நாம் விதியை ஏமாற்றினோம் என்றுதான் நினைத்திருந்தேன், நாம்தான் விதியைப் போட்டோம் என்று ஒருத்தர், நான் வேலைக்குச் சேருவதற்கு இரண்டு வருஷம் முந்தியே, நம்மைப் பார்க்காமலே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஜோரில்தான் உளறிவிட்டேன். 1996, 97 இரண்டு வருஷமும் செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பதிவேட்டில் பெயரில்லாதவை, இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ, வேலி ஓரமாக நின்றது. முதலில் உள்ளே கூப்பிட்டது நீதான் என்றேன். வராத பிள்ளைகளுக்கு நீ வருகை போட்டாய், அந்தக் கணக்கில் தலைக்கு 100 கிராம் நான் அளந்து போட்டேன். 118 பேர் வந்த அன்று 140 என்று எழுதினோம். பச்சை மசி ஐயா திடீரென்று வந்து வரிசையை எண்ணிவிட்டு, பதிவேட்டையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, "உப்பு கம்மி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனதையும் சொன்னேன். கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

தட்டச்சு அடித்துக் காட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பெயரெல்லாம் மாற்றியிருக்கிறாள், ஊர் பெயர் இல்லை. ஆனால் நம்ம ஒன்றியத்தில் சூளையை ஒட்டின பள்ளி ஒன்றுதான். படிக்கிறவர் நம்ம பக்கத்து ஆளாக இருந்தால் இரண்டே நிமிஷம். இத்தனை வருஷம் கழித்து யாரும் கிளற மாட்டார்கள் என்கிறாள் கயல். எனக்கு என்ன போகப்போகிறது, தொகுப்பூதியத்தில் ஆரம்பித்து சிறப்பு காலமுறை ஊதியத்தில் முடிந்தவள். உனக்கு ஒழுங்கான பென்ஷன் வருகிறது, மருமகனும் அதே துறையில் இருக்கிறார். உன்னைக் கேட்காமல் உன் கையெழுத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று உறுத்துகிறது, இதைக் கயலிடம் சொல்லவில்லை. அதே வருஷம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு மையத்தில் இதே மாதிரி வராத பிள்ளைக்கு வருகை போட்டார்கள். அங்கே வேலி ஓரத்தில் யாரும் நிற்கவில்லை. அரிசி ராத்திரியில் சைக்கிளில் போனது, அது உனக்கும் தெரியும். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. லிப்ஸ்கி இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வாரோ என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே அந்த ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ துவரம்பருப்பு என் பையில் வீட்டுக்கு வந்தது. ஒரு தடவைதான். அடுத்த மாதம் கடையில் வாங்கித் திரும்பக் கொட்டிவிட்டேன், ஆனால் கொட்டியது ஒன்றரைக் கிலோ. கயலுக்கு அப்போது ஏழு வயது, அந்தப் பருப்பில்தான் அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டாள். இப்போது மேசையில் உட்கார்ந்து, களப்பணியாளரின் விருப்புரிமை எங்கே முடிகிறது என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் காபி கொண்டுபோய் வைக்கிறேன். அந்த அரைக் கிலோ இன்னும் எனக்குக் கணக்கு நேராகவில்லை.

அவளிடம் சொல்லலாமா? சொன்னால் பதிலளித்தவர் 14 சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடுமா, இல்லை அப்போதுதான் உண்மையாகுமா? நீ வகுப்பில் தீர்ப்புச் சொல்கிற மாதிரி பட்டென்று சொல்லிவிடு, எனக்கு யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

சூளைக் கதை இருக்கட்டுமா, எடுத்துவிடச் சொல்லட்டுமா என்பதும் உன் கையில். தை முதல் வாரத்தில் அவள் வழிகாட்டியிடம் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும், அதற்குள் எழுது. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும், நான் சண்டை போட்டாவது எடுக்க வைக்கிறேன். போனில் வேண்டாம், இவள் காது அடுப்படியில்தான் இருக்கிறது. கடிதம் வந்தால் நான்தான் முதலில் பிரிப்பேன்.

காதுகுத்துக்கு எடுத்து வைத்த கம்மல் இன்னும் பீரோவில் இருக்கிறது. லட்சுமியக்கா மகன் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார், இரண்டு இருக்க வேண்டும்.

அன்புடன்,
மல்லிகா