கார்த்தியின் லைசென்ஸ் விஷயமாக

சாக்ரமென்டோ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை இந்த வருஷம் தாராளம். 

உன் அக்கா மகன் கார்த்தியின் விஷயத்துக்கு வருகிறேன். "பார்க்கிங்கில் லேசாக இடித்ததற்கெல்லாமா லைசென்ஸை முடக்குவார்கள்?" என்று கேட்டிருந்தாய். இடித்ததற்காக முடக்கவில்லை. இடித்த அன்று வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, அதற்காக. கலிஃபோர்னியாவில் யாருக்காவது அடிபட்டாலோ சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ 10 நாளுக்குள் டி.எம்.வி.க்கு, அதாவது நம்மூர் ஆர்.டி.ஓ. மாதிரி லைசென்ஸ் தரும் இந்த மாநில அலுவலகத்துக்கு, எஸ்.ஆர்-1 என்ற விபத்துப் படிவம் போயாக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் எழுதியிருந்தாலும் இது தனி. தப்பு யார் மேல் என்பதும் இங்கே கணக்கில்லை. இந்தக் காலத்து பம்பரும் அதிலிருக்கும் ஒரு சென்சாரும் போனாலே ஆயிரம் டாலர் எளிதாகத் தாண்டிவிடும். எதிர்த்தரப்பு படிவத்தை அனுப்பியிருக்கும். கார்த்தியின் பாலிசி அந்தத் தேதியில் காலாவதி. உத்தரவு வந்துவிட்டது.

இந்த வகை முடக்கம் 4 வருஷம் வரை. முதல் வருஷம் கழிந்ததும் எஸ்.ஆர்-22 (காப்பீடு இருக்கிறது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி டி.எம்.வி.க்குத் தரும் சான்று) தாக்கல் செய்து, மீதி 3 வருஷமும் அது அறுபடாமல் பார்த்துக்கொண்டால் லைசென்ஸைத் திருப்பித் தருவார்கள். ஒரு வருஷம் வண்டியே தொடாமல் எப்படி வேலைக்குப் போவது என்பதற்கும் வழி இருக்கிறது: 250 டாலர் அபராதக் கட்டணம் கட்டி, எஸ்.ஆர்-22ஐ இப்போதே தாக்கல் செய்தால் வேலை நிமித்தம் மட்டும் ஓட்டுவதற்குக் கட்டுப்பாட்டு லைசென்ஸ் கேட்கலாம். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை கோயிலுக்குப் போகக் கூடாது.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கச் சொல். அன்று நிஜமாகவே இன்ஷூரன்ஸ் இல்லையா? வண்டி நண்பனுடையது, அவன் சம்மதத்தோடு கார்த்தி ஓட்டினான், நண்பனின் பாலிசி உயிரோடு இருந்தது என்றால் அந்த ஆதாரத்தை டி.எம்.வி.க்கு அனுப்பி முடக்கத்தையே எடுக்கச் சொல்லலாம். உத்தரவுக் கடிதத்தில் விசாரணை கேட்பதற்கான கெடு அச்சிட்டிருக்கும். பலர் அந்தக் கடிதத்தை முழுக்கப் படிப்பதே இல்லை.

அடுத்து, எஸ்.ஆர்-22 என்பது இன்ஷூரன்ஸ் அல்ல. நம்மூரில் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆர்.டி.ஓ. லைசென்ஸை நிறுத்தி வைத்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அதில் வேலை இல்லை. இங்கேயும் சாதாரண பாலிசி வண்டியோடுதான் போகிறது. எஸ்.ஆர்-22 மட்டும் ஆளோடு போகிறது. "இந்த ஆளுக்குச் சட்டம் சொல்லும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது, நின்றுபோனால் நாங்களே உங்களுக்குச் சொல்கிறோம்" என்று கம்பெனி டி.எம்.வி.க்குக் கொடுக்கும் உறுதிச் சான்று அது. கார்த்தியே பூர்த்தி செய்து கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. டி.எம்.வி. கவுன்டரில் பாலிசி அட்டையை நீட்டினாலும் செல்லாது. கம்பெனியேதான் அனுப்ப வேண்டும், பெரும்பாலும் மின்வழியில்.

நடைமுறை அதிகமில்லை. இப்போதிருக்கும் கம்பெனி எஸ்.ஆர்-22 தருமா என்று முதலில் கேட்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் தருவதில்லை. தராவிட்டால் ரிஸ்க் அதிகமான டிரைவர்களை எடுக்கும் கம்பெனிகளோடு வேலை செய்யும் ஏஜென்ட்டிடம் போக வேண்டும். யாருமே எடுக்காவிட்டால் கலிஃபோர்னியா அசைன்டு ரிஸ்க் ப்ளான் என்று ஓர் ஏற்பாடு உண்டு, பிரீமியம் கசக்கும். தாக்கல் கட்டணம் பெரும்பாலும் 25 டாலர் வாக்கில்தான். கையைக் கடிப்பது பிரீமியம். விலை கேட்கும்போது முடக்கத்தை மறைத்துக் குறைந்த விலை வாங்கினால் கம்பெனி டிரைவிங் ரெக்கார்டை இழுத்துப் பார்க்கும் அன்று பாலிசி போய்விடும், அதோடு எஸ்.ஆர்-22உம் போகும்.

குறைந்தபட்சக் காப்பீடு 2025 ஜனவரி 1 முதல் 30/60/15. ஒருவருக்குக் காயமென்றால் 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்கு முன் பல்லாண்டுகளாக 15/30/5 ஆக இருந்தது. பழைய இணையப் பக்கங்களில் இன்னும் அதுவே கிடக்கிறது. சான் ஹோசே சாலையில் ஓடும் கார்களைப் பார்த்தால் 15,000 எந்த மூலைக்கு? முடிந்தால் கொஞ்சம் கூட்டி எடுக்கச் சொல்.

இனி, இந்தத் தாக்கல்களில் எங்கள் ஆபீஸ் மேசையில் அடிக்கடி சிக்குகிறவை. முதலாவது நம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும்; லைசென்ஸில் அதுவே முன்னும் பின்னும் மாறியிருக்கும்; பாலிசியில் இனிஷியல் மட்டும். "கார்த்திகேயன் ராமசாமி", "ராமசாமி கார்த்திகேயன்", "ஆர். கார்த்திகேயன்" மூவரும் நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். தாக்கல் போய்ச் சேரும், அவன் ரெக்கார்டில் மட்டும் ஒட்டாது. லைசென்ஸில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும், பிறந்த தேதியும் லைசென்ஸ் எண்ணும் சேர்த்து. எண் என்பது ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். தேதியில் நம்மூர் வழக்கப்படி நாளை முதலில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு. இங்கே மாதம்தான் முன்னால்.

இரண்டாவது, எந்த வகைப் பாலிசி. கார்த்தி பெயரில் வண்டி இருந்தால் உரிமையாளர் பாலிசி. வண்டியை விற்றுவிட்டு எப்போதாவது இரவல் வாங்கி ஓட்டுவதானால் நான்-ஓனர் பாலிசி போதும், விலையும் குறைவு. ஆனால் அதே வீட்டில் நிற்கும் வண்டியையும் தினமும் ஓட்டும் வண்டியையும் அது காப்பதில்லை. அறைத்தோழன் காரைத் தினசரி எடுத்துக்கொண்டு நான்-ஓனர் வைத்திருப்பது ஏமாற்று வேலை. இடித்த அன்று தெரியும். அவன் கல்யாணமானவன் என்று எழுதியிருந்தாய். மனைவி பாலிசியில் பிரீமியம் ஏறக் கூடாதென்று கணவன் பெயரை "ஓட்டமாட்டார்" என்று விலக்கி வைப்பது இங்கே வழக்கம். அப்படி விலக்கப்பட்டவனுக்கு அந்தப் பாலிசியில் எஸ்.ஆர்-22 கிடைக்காது.

தாக்கல் ஆனதும் சாவியைக் கையில் எடுத்துவிடக் கூடாது. லைசென்ஸ் மறுவழங்கல் கட்டணம் கட்டி, டி.எம்.வி. ரெக்கார்டில் முடக்கம் நீங்கியதைப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். 2 டாலர் கட்டினால் தன் ரெக்கார்டை ஆன்லைனில் எடுத்துப் பார்க்கலாம். முடக்கத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது குற்ற வழக்கு. வண்டியை 30 நாள் பறித்து வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. இந்திய லைசென்ஸைக் காட்டித் தப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். முடக்கப்படுவது கலிஃபோர்னியாவில் ஓட்டும் உரிமையே.

சேகர், தாக்கல் அரை நாள் வேலை. கஷ்டம் அதற்குப் பிறகான 3 வருஷம். பாலிசி எந்தக் காரணத்தால் நின்றாலும் கம்பெனி எஸ்.ஆர்-26 என்ற ரத்து அறிவிப்பை அனுப்பிவிடும், மறுபடி முடக்கம். பணமில்லாமல் நிற்பதைவிட அசட்டையால் நிற்பதே அதிகம். ஆட்டோபேயில் கொடுத்த கார்டு காலாவதியாகும், புது கார்டு எண்ணைக் கொடுக்க மறப்பார்கள். வீடு மாறுவார்கள், எச்சரிக்கைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். ஆறு மாதத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல். தள்ளுபடியும் கிடைக்கும், தவணை தவறும் பயமும் இல்லை. கம்பெனி மாறினால் புதிய கம்பெனியின் எஸ்.ஆர்-22 டி.எம்.வி.யில் ஏறியதை உறுதி செய்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும். பாலிசிகள் நள்ளிரவு 12:01க்குத் தொடங்கி 12:01க்கு முடிபவை. காகிதத்தில் ஒரே தேதி போட்டால் சரியாகத்தான் தெரியும், ஆனால் ரத்து அறிவிப்பு முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அவதி. ஐந்தாறு நாள் இரண்டுக்கும் பணம் கொடுப்பது மேல்.

அவன் டிசம்பரில் ஊருக்கு வருவதாகச் சொன்னாயே, அங்கேதான் நம்மவர்கள் மாட்டுவது. இரண்டு மாதம் வண்டி சும்மா நிற்கப்போகிறது, பிரீமியம் எதற்கு என்று பாலிசியை நிறுத்திவிட்டு விமானம் ஏறுவார்கள். இவன் அதைச் செய்யவே கூடாது. வண்டியை விற்றுவிட்டு வந்தாலும் நான்-ஓனருக்கு மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

வேலை மாறி டெக்சாஸ் போனாலும் கலிஃபோர்னியாவின் தேவை கூடவே வரும்; புது ஊரில் பாலிசி தரும் கம்பெனி கலிஃபோர்னியாவுக்கும் எஸ்.ஆர்-22 அனுப்ப வேண்டும். எடுக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் விதிக்கும் எஸ்.ஆர்-22 பொதுவாக 2 வருஷம், ஃப்ளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடித்து ஓட்டியவர்களுக்கு எஃப்.ஆர்-44 என்று இன்னும் கடுமையான ஒன்று, நியூயார்க்கில் இந்தப் படிவமே இல்லை. அதனால் வேறு ஊர் நண்பர்கள் சொல்லும் கணக்கு இவனுக்குப் பொருந்தாது. இவன் கேஸில் குடி இல்லை என்பது பெரிய ஆறுதல். இருந்திருந்தால் விசா கவலையும் சேர்ந்திருக்கும், ஏஜென்ட்டுக்கு முன்னால் குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

எஸ்.ஆர்-22 பழைய இடிக்கு ஒரு காசு கொடுக்காது என்பதையும் சொல்லிவிடு. எதிர்த்தரப்பின் சேதத்தை அவன் கையிலிருந்துதான் தீர்க்க வேண்டும். பேசி முடித்தால் "இனி எதுவும் கேட்கமாட்டோம்" என்று எழுத்தில் விடுதலைப் பத்திரம் வாங்கட்டும். அவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி, அதை இவன் கட்டாமல் விட்டால் அதற்கென்று தனியாக இன்னொரு முடக்கம் வரும்.

உத்தரவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கம் உட்பட, படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். லைசென்ஸின் முன்பக்கமும் வேண்டும். அக்காவிடம் இது ஜெயில் விவகாரம் இல்லை என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
ரங்கன்