மலத்தில் இல்லை, ஈரலில் இருந்தது

இராமநாதபுரம் கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாம்பன் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி ஒருவர், நாற்பது வயது இருக்கும், மோஷன் டெஸ்ட் சீட்டோடு ஒருநாள் என்னிடம் வந்தார். பத்து நாளாகக் காய்ச்சல், வலது விலாவில் வலி. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'அமீபா காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்தே அவருக்கு அமீபா நோய் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். தோள்பட்டையும் வலிக்கிறது என்றார். வலை இழுத்த வலி என்று ஊசி போட்டார்கள். இருமல் வந்தது, நெஞ்சுச் சளி என்றார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலின் வலது பக்கத்தில் 10 சென்டிமீட்டருக்குச் சீழ்க்கட்டி. பிழைத்துக்கொண்டார். அந்தச் சீட்டு மட்டும் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்ற, நோய் தரும் அமீபா அசுத்தமான தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போகிறது. குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. ஈரலில் கட்டி வளரும் நேரத்தில் குடல் அமைதியாகவே இருக்கலாம். பெரும்பாலானோருக்கு அப்போது வயிற்றுப்போக்கு இருக்காது, மலத்தில் அமீபாவும் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலத்தில் தெரிந்துவிட்டாலும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எண்டமீபா டிஸ்பார் என்று தீங்கு செய்யாத ஒன்று இருக்கிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அதன் சிஸ்ட்டும் (உறைக்குள் அடங்கிய அமீபா) இதன் சிஸ்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை வருஷம் லென்ஸ் வழியே பார்த்த எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

நம் பக்கம் ஈரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதான் நினைவுக்கு வரும். கண்ணில் மஞ்சள் இல்லை என்றால் ஈரலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். இந்தக் கட்டியில் காமாலை வருவது குறைவு. வலி தோளுக்கு ஏறுவது வலையால் அல்ல. ஈரலுக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் உறுத்தப்படுவதால் அப்படி வலிக்கும். இருமலுக்கும் அதுவே காரணமாகலாம். எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலே ஏறியிருந்தால் காசநோய் மாத்திரையைத் தொடங்கும் முன் ஈரலைப் பாருங்கள். வலது விலா இடுக்குகளில் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஆள் துடித்தால் அது பெரிய துப்பு. காசு செலவில்லாத பரிசோதனை.

இந்த நோய் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம் வருகிறது, குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் 'குடிச்சுக் குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்ட' என்று திட்டி அனுப்பிவிடுவது நடக்கிறது. தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். குடிக்கிறவர் என்பது ஸ்கேன் எடுப்பதற்கு இன்னொரு காரணம். ஊற்றுத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் குடத்தில் பிடித்துவைத்துக் குடிக்கும் ஊர்கள் நம்முடையவை என்பதையும் மறக்க வேண்டாம்.

காய்ச்சலும் வலது விலா வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புங்கள். பாம்பனிலிருந்து இராமநாதபுரம் ஒரு பஸ் தூரம்தான். முதல் ஸ்கேனில் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் சில நாளில் மறுபடி எடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது உதவும், ஆனால் முதல் வாரத்தில் அதுவும் நெகட்டிவாக வரலாம். எப்போதோ வந்துபோன தொற்றுக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவாகவும் காட்டலாம். பாக்டீரியாவால் வந்த கட்டியா என்று அறிய ரத்தக் கல்ச்சர் வேண்டும். ஈரலின் இடது பக்கத்துக் கட்டி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், இதயத்தைச் சுற்றிய உறைக்குள் உடைய வாய்ப்பு உண்டு.

மெட்ரோனிடசோல் கொடுத்தால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அதோடு நிறுத்திவிடாமல் குடலில் மிச்சமிருப்பதை அழிக்க டைலாக்சனைடு ஃபியூரோயேட்டும் எழுதுங்கள். இது பல சீட்டுகளில் விடுபட்டுப்போகிறது.

கடைசியாக, என் பழைய வேலையைச் சார்ந்து ஒரு கோரிக்கை. மோஷன் டெஸ்ட் சீட்டின் அடியில் லேப்காரர்கள் இப்படி எழுத அனுமதி கொடுங்கள்: 'அமீபா காணப்படவில்லை. இதை வைத்து ஈரல் கட்டி இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன்,
மண்டபம்