ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்புகிறவர்களே, ஊசியோடு மலேரியா தடுப்பு மாத்திரையையும் கொடுங்கள்

வணக்கம்.

நைஜீரியா, கானா, காங்கோ, மொசாம்பிக் என்று நம் ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகளுக்கும், அங்கே கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும், முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காக மேற்கு ஆப்பிரிக்கா போய்வரும் பண்ருட்டி வியாபாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஒரு மருத்துவமனை லேபில் இரத்தப் பரிசோதனை செய்பவன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் உங்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஆளை அனுப்பி, ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையை வாங்கி பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்கச் சொல்கிறீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லும் என்பதால் அதையும் கணக்குப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறீர்கள். விமான நிலையத்தில் கேட்பார்கள் அல்லவா? மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

மலேரியாவைப் பற்றி எந்த கவுண்டரிலும் யாரும் கேட்பதில்லை. அதனாலேயே உங்கள் பட்டியலில் அது இல்லை. போகிறவருக்கு அங்கே பெரிய ஆபத்தே அதுதான். 2023-இல் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில் இறந்தவர்கள்.

“மலேரியாதானே, நம்ம ஊரிலும் இருக்கே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்ற மலேரியா வகை. ஆளை நடுக்கி எடுக்கும், ஆனால் குளோரோகுயின் மாத்திரைக்கு அடங்கிவிடும். அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் என்ற வகை. குளோரோகுயினை நம்பி அதை விட முடியாது. கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். “உள்ளூர்க்காரங்க யாரும் மாத்திரை போடுறதில்லையே” என்றும் சைட்டில் சொல்கிறார்களாம். அவர்கள் குழந்தையிலிருந்தே திரும்பத் திரும்ப மலேரியா வந்து பிழைத்தவர்கள். உடம்பு ஓரளவு பழகியிருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பையனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எங்களிடம் ஒரு வெல்டர் வந்தார். லீவில் ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல். மழைக்காலம், பிளேட்லெட்டும் குறைந்திருந்தது. அதனால் வெளியில் பார்த்த இடத்தில் டெங்கு என்றே சிகிச்சை நடந்திருக்கிறது. மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும். இரத்தம் என் கைக்கு வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. ஸ்லைடை வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் மெல்லிய வளையங்கள், சிலவற்றில் இரண்டிரண்டு: ஃபால்சிபாரத்தின் அடையாளம். எங்கிருந்து வந்தார் என்று அதற்கப்புறம்தான் அவர் மனைவியிடம் கேட்டோம். டயாலிசிஸ் வரை போய் பிழைத்தார். மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டிலேயே பத்திரமாக இருந்தது. மலேரியா வராமல் தடுக்க மாத்திரை என்று ஒன்று இருப்பதை யாருமே சொல்லவில்லை என்று அந்த அம்மா அழுதார்.

அந்த மாத்திரை ஒன்றும் கிடைக்காத மருந்தல்ல. 6 வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்குத் தினம் ஒரு டாக்ஸிசைக்ளின், அதைவிட நீண்டால் வாரம் ஒரு மெஃப்ளோகுயின் என்று நம் தேசிய மலேரியா வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. முன்னதைக் கிளம்புவதற்கு 2 நாள் முன்பும், பின்னதை 2 வாரம் முன்பும் தொடங்க வேண்டும். வலிப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவானாலும் ஊர் திரும்பிய பிறகு 4 வாரம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். மாத்திரை போட்டாலும் முழுக் காப்பு இல்லை. அந்தக் கொசு கடிப்பது அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. ஆகவே கேம்பில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மருந்து தோய்த்த வலை வேண்டும். ஆஸ்பத்திரி பல மணி நேரத் தொலைவில் இருக்கும் சைட்டில், விரலில் குத்திப் பார்க்கும் மலேரியா கிட்டும், மலேரியா வந்துவிட்டால் சிகிச்சைக்குத் தரும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மாத்திரையும் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இலங்கையைப் பாருங்கள். 2012-க்குப் பிறகு உள்ளூரில் தொற்றும் மலேரியா இல்லாமல் செய்து, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். அப்படியும் ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அரசே இலவசமாகத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறது. ஊசி போடும் அதே இடத்தில் மாத்திரையும் ஆலோசனையும் கிடைக்க நம் சுகாதாரத் துறையும் வழி செய்ய வேண்டும். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. டிக்கெட் கொடுக்கும் கவரின் மேல் தமிழில் அச்சடியுங்கள்: “ஊர் திரும்பி 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள். மலேரியா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.” வீட்டில் இருப்பவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டச் சொல்லி அனுப்புங்கள், காய்ச்சலில் கிடப்பவரால் சொல்ல முடியாமல் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்