மலையில விட்டிட்டு வந்ததைக் கொண்டு வந்து தந்த ஐயாவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். கால் இன்னும் தலகணிக்கு மேலதான் கிடக்கு, பிளேட்டும் ஸ்குரூவும் உள்ளுக்க இருக்கு, ஆனா நான் வீட்டில இருக்கிறன், மனிசி குசினியில நிக்கிற சத்தம் கேக்குது, அது போதும். என்ன நடந்தது எண்டு உங்களில கனபேருக்குத் தெரியும், தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: மலை ஆட்டு வேட்டைக்குப் போய், இறங்கேக்க காலை முறிச்சுக்கொண்டு, இரவு முழுக்க மலையில கிடந்தனான். மிச்சத்தை நான் திரும்ப எழுதேல்ல. எழுத மனமும் இல்லை. நன்றி சொல்லத்தான் வந்தனான், அதைச் சூடு ஆற முதல் சொல்லிப்போடோணும் எண்டு இருக்கு.

முதல்ல எல்லாரையும் ஒண்டாச் சேர்த்துச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. அண்டிரவு முழுக்க என்ர தலையைத் தன்ர மடியில வச்சுக்கொண்டு, தார்ப்பாயைக் காத்துக்குப் பிடிச்சுக்கொண்டு, நித்திரை கொள்ளவிடாமல் கதைச்சுக்கொண்டே இருந்த என்ர வேட்டைக் கூட்டாளிக்கு. சற்றலைட்டால மெசேஜ் அனுப்புற இன்ரீச் பெட்டியில எஸ்ஓஎஸ் பட்டினை அமத்தினாப் பிறகு மெசேஜுக்கு மேல மெசேஜ் அனுப்பி "வருகினம், வருகினம்" எண்டு சொல்லிக்கொண்டிருந்த அந்த முகம் தெரியாத ஆக்களுக்கு. பனிப்புகார் கொஞ்சம் விலகின அந்த அரை மணித்தியாலத்தில ஹெலிகொப்டரைக் கொண்டு வந்து கயித்தில எங்களைத் தூக்கின பைலட்டுக்கு. டெரஸ் டவுண் ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாருக்கும் டொக்டருக்கும். சம்பளத்தைப் பற்றி யோசியாத எண்டு சொன்ன என்ர லொறிக் கொம்பனி முதலாளிக்கு. விறகு கொத்தி அடுக்கித் தந்த பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு. ரொறன்ரோவில இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்த சித்தி, மச்சான்மார், நல்லூரில அர்ச்சனை செய்விச்ச அம்மா, எல்லாருக்கும்.

சேர்ச் அன்ட் ரெஸ்கியூ ஆக்களைப் பற்றி ஒண்டு சொல்லோணும். இந்தப் பிரிட்டிஷ் கொலம்பியாவில மலையில, ஆத்தில அகப்பட்டவையைத் தேடிப் போறவை சம்பளத்துக்குப் போற ஆக்கள் இல்லை, எல்லாம் தொண்டர்கள். ஒருத்தர் பிளம்பர், ஒருத்தர் பள்ளிக்கூட ரீச்சர், போன் அடிச்சா வேலையை அப்பிடியே விட்டிட்டு வருவினம். மீட்டதுக்கு ஒரு சதம் காசு கேக்கிறேல்ல. காசு கேட்டா ஆக்கள் பயந்துபோய் நேரத்துக்குக் கூப்பிடமாட்டினம், அதால உயிர் போகும் எண்டு அவையே சொல்லுவினம். நான் 11 வருசமா இந்த ஊரில இருக்கிறன், அவையளை மளிகைக் கடையில எத்தினை தரம் தாண்டிப் போயிருப்பன், ஆர் எண்டே தெரியாது.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயம்.

மலை ஆட்டு வேட்டை தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்தோணும். இது நாங்கள் ஊரில பட்டியில கட்டுற ஆடு இல்லை. வெள்ளை வெளேரெண்டு, தாடி வச்சு, ஆள் நிக்கவே ஏலாத பாறை விளிம்பில படுத்து அசைபோடும். பேர்தான் ஆடு, உறவு முறையில அது வேற சாதி. குளம்புக்கு வெளி ஓரம் கடினமா இருக்கும், நடுவில றப்பர் மாதிரி மெத்தை, அதாலதான் பாறையில பிடிச்சு நிக்குது. உலகத்தில இருக்கிற இந்த ஆடுகளில பாதிக்குக் கிட்ட இந்த மாகாணத்திலதான் இருக்கு. மறிக்கும் கிடாய்க்கும் ரெண்டுக்குமே கொம்பு இருக்கும், அதால தூரத்தில பாத்துப் பிரிச்சு அறியிறதுதான் வேட்டையில பெரிய வேலை. கிடாயின்ர கொம்பு அடியில தடிப்பா ஒரே சீரா வளையும், மறியின்ர மெல்லிசாப் போய் நுனியில திடீரெண்டு மடங்கும். மறி நாலைஞ்சு வயசு ஆகித்தான் முதல் குட்டி போடும், அதுவும் பெரும்பாலும் ஒண்டே ஒண்டு, ஆகவே ஒரு மறியைத் தவறிச் சுட்டாலும் அந்த மலையின்ர கூட்டம் எழும்பக் கனகாலம் எடுக்கும். நாங்கள் ரெண்டுபேரும் ஸ்கோப்புக்குள்ளால ரெண்டரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு படுத்திருந்தம், அது எழும்பி மூத்திரம் பெய்யுமட்டும். மறி குந்தும், கிடாய் முன்னுக்கு நீட்டி நிக்கும். அது நீட்டி நிண்டது. அதுக்குப் பிறகுதான் நான் துவக்கைத் தொட்டனான்.

இடத்தைச் சொல்லமாட்டன், வேட்டைக்காரர் ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஸ்கீனா ஆத்துக்கு மேல ஒரு மலை, அவ்வளவுதான்.

நாங்கள் ஆட்டை உரிச்சு, எலும்பு நீக்கி, துணிப் பையளில போட்டு, வடக்குப் பக்க நிழலில ஒரு குட்டையான மரத்தில கட்டித் தூக்கிப்போட்டு, முதல் சுமையோட இறங்க வெளிக்கிட்டம். பொழுது படுற நேரம் இறங்க வெளிக்கிட்டது என்ர பிழை, கூட்டாளி வேண்டாம் எண்டவன். அதுக்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

விடியக் கயித்தில இறங்கி வந்த முதல் ஆள் ஒரு பொம்பிளை. காலுக்குப் பத்தை கட்டிக்கொண்டு, நோ பத்துக்கு எத்தினை எண்டு கேட்டவா. நான் அதுக்கு மறுமொழி சொல்லேல்ல, "மேல இறைச்சி கிடக்கு" எண்டன். அந்த நேரத்தில அப்பிடிச் சொன்னதுக்குப் பிறகு எனக்குச் சரியான வெக்கமாப் போச்சுது, எனக்காக உயிரைக் குடுத்து வந்த ஆக்களிட்ட இறைச்சியைப் பற்றியா கதைக்கிறது. ஆனா இரவு முழுக்க என்னை அரிச்சது அதுதான். அந்தக் கிடாய் எத்தினை பனிக்காலம் கடந்து அந்த உயரத்தில உயிரோட நிண்டிருக்கும், அதை நான் ஒரு நொடியில விழுத்திப்போட்டன், இப்ப அது பைக்குள்ள கிடந்து கரடிக்கும் காகத்துக்கும் போகப்போகுது. இஞ்ச சட்டமும் இருக்கு, திண்ணக்கூடிய இறைச்சியை மலையில விட்டிட்டு வரேலாது. நான் பயந்தது சட்டத்துக்கு இல்லை. சின்னனில அம்மா கோப்பையில ஒரு சோத்துப் பருக்கை மிஞ்சினாலும் எழும்ப விடமாட்டா, சாமான் வராத காலத்தில வளந்த எங்களுக்கு அது எலும்புக்குள்ள போன விசயம்.

அவா சிரிக்கேல்ல. "எங்க கட்டியிருக்கிறீங்கள்" எண்டு கேட்டு, ஜிபிஎஸ்ஸில புள்ளியைக் குறிச்சுக்கொண்டு, திரும்பக் காலைப் பாக்கத் தொடங்கினவா. நான் அதோட மறந்துபோனன்.

அடுத்த நாள் ஒப்பரேசன் முடிஞ்சு கிடக்கேக்க அவா ஒரு கடுதாசியோட வந்தவா. இன்னொருத்தர் சுட்ட மிருகத்தை வேறை ஆள் கொண்டு வாறதெண்டா எழுத்தில இருக்கோணும், என்ர பேர், லைசன்ஸ் நம்பர், என்ன மிருகம், எண்டைக்கு எங்க சுட்டது எண்டு. மருந்து மயக்கத்தில என்ர கையெழுத்து எனக்கே விளங்கேல்ல. ஆர் போகினம் எண்டு கேட்டன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" எண்டு மட்டும் சொன்னவா.

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் பின்னேரம் கதவு தட்டின சத்தம். ஒரு வயசான ஐயா, எழுபது இருக்கும், கூட ஒரு இளம் பெடியன், மருமோனாம். அந்த மலையடிவாரத்து ஊர் ஆக்கள், கிட்சான் எண்ட பூர்வகுடி. சப்பாத்து முழுக்கச் சேறு எண்டு உள்ளுக்க வரமாட்டன் எண்டு நிண்டவர், மனிசி விடேல்ல. ரெண்டுபேரும் மாறி மாறிப் பெட்டியளைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி மேசையில வச்சினம். முழுக் கிடாயும். ஒவ்வொரு துண்டும் இறைச்சிக் கடைக் கடுதாசியில வடிவாச் சுத்தி, மேல மாக்கரால எழுதியிருக்கு. இது தோள், இது முதல்ல சாப்பிடுங்கோ, இது அரைக்கிறதுக்கு, கழுத்து எண்டு எழுதி அதுக்குக் கீழ "ஆறுதலா அவியுங்கோ". கொம்பும் தோலும் வேறையா, உப்புப் போட்டு. அரசாங்க ஆக்களிட்டக் கொம்பைக் கொண்டு போய்க் காட்டோணும் எண்டது அவருக்குத் தெரியும், அதுக்கு வேண்டினது ஒண்டையும் விடேல்ல.

ஏறி இறங்க ஒன்பது மணித்தியாலம் எடுத்ததாம், மேல புதுப் பனி விழுந்து கிடந்ததாம். மரத்தடியில வுல்வரின் எண்ட இறைச்சி தின்னுற மிருகத்தின்ர காலடி இருந்ததாம், ஏறப் பாத்திருக்கு, எட்டேல்ல. இதையெல்லாம் பெடியன்தான் சொன்னவன். ஐயா பிளேன்ரீயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, "உயரத்தில கட்டியிருந்தீங்கள், அது நல்லது" எண்டார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிப் போச்சுது.

பெற்றோலுக்கு எண்டாலும் காசு வாங்குங்கோ எண்டன், தலையை ஆட்டிப்போட்டார். பாதி இறைச்சியை எடுங்கோ எண்டன். ஒரு தோள் துண்டு மட்டும் எடுத்தவர், அதுவும் தன்ர அக்காவுக்கு எண்டு. போகேக்க சட்டைப் பையில இருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை எடுத்து என்ர மகளின்ர கையில குடுத்தவர். உள்ளுக்க வெள்ளை மயிர், பஞ்சு மாதிரி. வெயில் காலத்தில ஆடுகள் மயிர் உதிர்க்கேக்க புதரில கொழுவிக் கிடக்குமாம், வாற வழியில பிடுங்கினதாம். அந்த மயிரில நூல் முறுக்கித்தான் இந்தக் கரையோர மக்கள் பழைய காலத்தில சில்கட் போர்வையெல்லாம் நெய்ததெண்டு மகளுக்குப் பக்கத்தில குந்தியிருந்து சொல்லிக்குடுத்தவர்.

ஏன் இவ்வளவும் செய்தனீங்கள் எண்டு நான் கேட்டன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு ஒரு கதை சொன்னவர். அது அவையின்ர பரம்பரைக் கதை. அப்பிடியான கதைகள் அவையளுக்குச் சொத்து மாதிரி, ஆகவே நான் சுருக்கமாத்தான் சொல்லுவன். டெம்லஹாம் எண்ட பழைய ஊரில ஆக்கள் மலை ஆடுகளைத் தேவைக்கு மேல வேட்டையாடி, இறைச்சியை மலையிலயே விட்டிட்டு வந்தினமாம். பிடிச்சுக்கொண்டு வந்த ஒரு குட்டியைப் பிள்ளையள் சித்திரவதை செய்ய, ஒரே ஒரு இளந்தாரி மட்டும் அதைக் காப்பாத்தி, முகத்தில சிவப்பு மண் பூசி விட்டவனாம். பிறகு ஆடுகள் மனிசர் வேசத்தில வந்து ஊரையே மலைக்கு விருந்துக்குக் கூப்பிட்டு, விருந்து நடக்கேக்க மலை இடிஞ்சு எல்லாரும் செத்துப்போச்சினம். அந்தப் பெடியனை மட்டும் அவன் காப்பாத்தின ஆடு தன்ர தோலைக் குடுத்துப் பாறையில இறங்கப் பண்ணினதாம். ஹேசல்டனுக்குப் போற ஆக்கள் பாத்திருப்பீங்கள், ரோஷே டெபூலே எண்டு வரைபடத்தில இருக்கிற மலை, அவையளுக்கு அது ஸ்டெக்யூடன். கதை நடந்த இடம் அது. இப்பிடியான வாய்வழி வரலாறையும் சாட்சியா எடுக்கோணும் எண்டு 1997இல, கிட்சான் ஆக்களும் சேர்ந்து தங்கட நிலத்துக்காகப் போட்ட டெல்கமூக் வழக்கில கனடா உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. நான் இவ்வளவு காலமும் நெடுஞ்சாலை 16இல லொறி ஓட்டிக்கொண்டு அந்த மலையை வெறும் மலை எண்டு பாத்துக்கொண்டு போயிருக்கிறன்.

அவர் போனாப் பிறகுதான் எனக்கு மெல்ல விளங்கிச்சுது. இவர் எனக்கு உதவி செய்தார் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன். அவர் ஏறினது அந்தக் கிடாய்க்காக. நான் செய்யவேண்டிய மரியாதையை, நான் ஏலாமல் கிடந்தபடியா, எனக்குப் பதிலா செய்து முடிச்சவர். ஆர் எண்டே தெரியாத, எங்கயோ இருந்து வந்த ஒருத்தன்ர கடனை அவர் தன்ர முதுகில சுமந்து இறக்கிப்போட்டு, ரீ குடிச்சிட்டுப் போனவர். பேர் போடாத எண்டு சொன்னவர், போடேல்ல. தமிழ் அவருக்குத் தெரியாது. மகள் இதை ஆங்கிலத்தில வாசிச்சுக் காட்டுறன் எண்டிருக்கிறாள்.

ஐயா, ரெண்டு விசயம் உங்களுக்குச் சத்தியமாச் சொல்லுறன். விழுந்தாப் பிறகு பகல் வெளிச்சத்திலயே என்ர கையால எடுத்துக்கொண்டு இறங்க ஏலாத இடத்தில நிக்கிற ஆட்டுக்கு நான் இனிமேல் துவக்கை நீட்டமாட்டன், எவ்வளவு பெரிய கொம்பெண்டாலும். மற்றது, கால் சரிவந்த உடனை சேர்ச் அன்ட் ரெஸ்கியூவில பேர் குடுக்கிறன். கயித்தில தொங்க என்னால இனி ஏலுமோ தெரியாது, ரேடியோவுக்குப் பக்கத்தில இருக்கலாம், லொறி ஓட்டலாம், சாமான் சுமக்கலாம். கயித்தில இறங்கி வந்த அந்தத் தங்கச்சியிட்ட ஏற்கனவே கேட்டிட்டன், பயிற்சி எப்ப தொடங்குது எண்டு சொல்லுறன் எண்டவா.

கொம்பை நேற்றுக் கூட்டாளி கொண்டு போய்க் காட்டினவன். வளையத்தை எண்ணிப்போட்டு ஒன்பது வயசு எண்டு எழுதிக் குடுத்தவையாம். ஒன்பது.

மனிசி "முதல்ல சாப்பிடுங்கோ" எண்டு எழுதியிருந்ததை எங்கட கறித்தூள் போட்டுப் பிரட்டல் வச்சவா, முத்தின கிடாய் எண்டபடியா பிரஷர் குக்கரிலயும் கனநேரம் எடுத்தது, ஆனா மகள் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டவள். ஒரு துண்டும் மிஞ்சேல்ல. கழுத்தை இன்னும் பிரிக்கேல்ல, அது பிறீசரில மேல் தட்டில கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை ஐயா அக்காவையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டிருக்கிறார், சனி இரவே அடுப்பில ஏத்தோணும், ஆறுதலா அவிய.