இனிப்பை விட்டுவிடாதீர்கள், பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

"இனிமே எனக்கு இனிப்பே கிடையாது" என்று போனில் நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. பித்தப்பையில் கல், கூடவே நெஞ்செரிச்சல். டாக்டர் எண்ணெய், நெய்யைக் குறைக்கச் சொன்னார். புளிப்பைக் குறைக்கச் சொன்னார். இனிப்பை நிறுத்தச் சொல்லவில்லையே? உங்களுக்குச் சர்க்கரை வியாதியும் இல்லை. அப்படியிருக்க, வளைகாப்பு வீட்டில் இலையில் விழுந்த பாயசத்தைக்கூட ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தீர்கள் என்று அம்மா சொன்னபோது வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். இதே கட்டுப்பாட்டில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

எதைக் குறைக்கிறோம், ஏன் குறைக்கிறோம் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நாம் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருங்க வைப்பது அதுதான். உள்ளே இருக்கும் கல் அந்த நேரத்தில் வழியில் போய் அடைத்துக்கொண்டால் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிக்கிறது. அதே ஹார்மோன் இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத் தசையையும் தளர்த்துகிறது. அந்தத் தசை தளர்ந்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். ஆக, இரண்டு அதிரசம் உங்களை இரண்டு பக்கமும் படுத்துகிறது. படுத்துவது அதிலுள்ள வெல்லம் அல்ல, அது பொரிந்த எண்ணெய்.

நம் இனிப்புகளில் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. தேங்காயில் 100 கிராமுக்கு 33 கிராம் அளவில் இருக்கிறது. கடலை மிட்டாயை வறுத்த கடலைதானே என்று நினைப்போம். நிலக்கடலையில் பாதி எடை கொழுப்புதான். பாதாமும் அப்படியே, முந்திரி கொஞ்சம் குறைவு. இந்தப் பக்கம் பாசிப்பருப்பில் 1 கிராம் சொச்சம், பேரீச்சம்பழத்தில் அதைவிடக் குறைவு, சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அல்வாவும் மைசூர்பாகும் போகட்டும், விடுங்கள். ஆவியில் வேகிறதும் கொதிக்கிறதும் பாகில் பிடிக்கிறதுமாக நம் அடுப்பங்கரையில் எத்தனை இனிப்பு இருக்கிறது! அதெல்லாம் உங்களுக்குத்தான்.

பழத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கிறது, ஆரஞ்சு மூன்றரை வாக்கில், வாழைப்பழம் 5 பக்கம், முலாம்பழம் 6-ஐயும் தாண்டும். அதனால் ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை வேண்டாம். பப்பாளி, முலாம்பழம், தர்பூசணி, சப்போட்டா தாராளமாகச் சாப்பிடலாம். வாழையில் பூவன் கொஞ்சம் புளிப்புத் தட்டும், கற்பூரவல்லி நல்லது. கோடையில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். நன்றாகக் கனிந்த நேந்திரம்பழத்தைத் தோலோடு இட்லிப் பானையில் வையுங்கள். தோல் கறுத்து வெடித்து, உள்ளே பழம் தேன் நிறத்துக்கு வந்து பளபளக்கும். அதற்கு ஒரு துளி சர்க்கரைகூட வேண்டாம்.

பாயசம்தான் உங்கள் உயிர் என்று எனக்குத் தெரியும், அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன். பாசிப்பருப்பை நெய் இல்லாமல் வெறும் வாணலியில், வாசம் வரும் வரை சிறு தீயில் வறுத்துக் குழைய வேகவையுங்கள். தேங்காய்ப்பால் கொடுக்கும் அந்தக் கெட்டியை, நன்றாக மசித்த பருப்பே கொடுத்துவிடும். போதவில்லை என்றால் ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றுங்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். சூடு தணிந்த பிறகுதான் காய்ச்சி ஆறிய பாலை ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. முந்திரிக்குப் பதிலாகப் பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் வாயில் ஏதோ தட்டுப்படும்.

பால் எது என்பது முக்கியம். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. டபுள் டோன்ட் என்று விற்கும் பாலில் 1.5. அந்தப் பாலையே வாங்கிக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் நீர்த்த மாதிரி இருக்காது.

நெய் வாசமே இல்லாமல் பாயசமா என்று கேட்பீர்கள். கொழுப்பை அடியோடு ஒதுக்குவதும் சரியல்ல. பித்தப்பை சுருங்காமலே கிடந்தால் பித்தம் தேங்கி, அதிலும் கல் கூடலாம். அன்றைக்கு உங்களுக்கு அனுமதித்த அளவில் அரைத் தேக்கரண்டியை எடுத்து, பாயசத்தை இறக்கிய பிறகு மேலாக விடுங்கள். வறுக்கப் போட்ட நெய்யைவிட மேலே விட்ட நெய்தான் மணக்கும். டாக்டர் சுத்தமாகக் கூடாது என்று சொல்லியிருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பொரி உருண்டை. கார்த்திகைக்கு மட்டும் ஏன் செய்ய வேண்டும்? பொரியும் வெல்லமும்தானே, கொழுப்பு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. தேங்காய்ப் பல்லையும் பொட்டுக்கடலையையும் விட்டுவிடுங்கள். பாகு மட்டும் நன்றாக முற்ற வேண்டும்: கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். கையில் நெய்க்குப் பதில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். பல் கூசினால் வேண்டாம். அதற்கு ஈடாக இலைக் கொழுக்கட்டை இருக்கிறது. பூரணத்துக்குத் தேங்காய் இல்லாமல், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளியில் கொஞ்சம் வெல்லமும் ஏலமும் சேர்த்துக் கிளறினால் போதும். வாழை இலை வாசம் ஏறிவிட்டால் தேங்காய் இல்லாத குறை எனக்குத் தெரிவதில்லை.

கருப்பட்டி, பனங்கற்கண்டு என்பதால் கூடுதலாகப் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எடை போடுவதில் அதுவும் சீனி மாதிரிதான், எடை கூடினால் வயிற்றில் அழுத்தம் கூடி எரிச்சலும் கூடும்.

கடையில் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கொழுப்பே இல்லை என்று பேரன் ஆரஞ்சு மிட்டாயும் ஜெல்லியும் வாங்கித் தருவான். பொடி எழுத்தில் 330 என்று போட்டிருக்கிறதா என்று அவனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது சிட்ரிக் அமிலம். 296 என்றால் மாலிக் அமிலம், 338 பாஸ்பாரிக் அமிலம். சாக்லேட்டில் கொழுப்பும் உண்டு, அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்தும் குணமும் உண்டு. புதினா மிட்டாயும் அப்படித்தான். சாப்பாட்டுக்குப் பின் ஜீரணத்துக்கு என்று வாயில் போட்டுக்கொள்வீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒரு சின்னத் துண்டு பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நேரமும் கவனிக்க வேண்டிய விஷயம். விருந்து சாப்பிட்டு வயிறு நிறைந்த பிறகு பாயசம் குடித்தால், எந்தப் பாயசமாக இருந்தாலும் எரியும். நாலு மணிக்கு, வயிறு லேசாக இருக்கும்போது, சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். ராத்திரி படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிதாக ஒன்றைச் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதையும் புதிதாகச் சேர்க்காமல் பாருங்கள், எது படுத்துகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சாப்பாட்டு விஷயம். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். எனக்கும் உடனே போன் பண்ணுங்கள், ராத்திரி ஆனாலும் சரி.

உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன். டபுள் டோன்ட் பால் உங்கள் தெருக் கடையில் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் இங்கிருந்தே வாங்கி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்