ரப்பர் பொம்மை அச்சுல தேங்கா எண்ணெய் தடவாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கைப்பாவை செய்யறது பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படிச்சதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொம்மலாட்டம்னாலே பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் மட்டும் ஞாபகம் வர்ற நேரத்துல ஒரு பேப்பர் இதுக்கு இடம் குடுக்குறதே பெரிய விஷயம். ஆனா அதுல ரெண்டு வரி இருக்கு, அதை நம்பி யாராவது செஞ்சா காசும் போகும் ஆசையும் போயிடும். ஒண்ணு, மரத்துல இருந்து எடுத்த ரப்பர் பாலை அப்படியே அச்சுல ஊத்தலாம்னு. இன்னொண்ணு, ஒட்டாம இருக்க அச்சுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவணும்னு. இந்த ரெண்டு தப்பையும் நானே செஞ்சு பாத்தவ, அதனாலதான் எழுதுறேன்.

எங்க வீடு குலசேகரம் பக்கம், மாமனார் இன்னைக்கும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ரப்பர் வெட்டப் போவாங்க. நான் பள்ளிக்கூடங்கள்ல கைப்பாவை வச்சு கதை சொல்றேன். துணியும் பேப்பர் கூழும் வச்சு செஞ்ச தலைங்க எல்லாம் வாய் அசையாம மொறைச்சுக்கிட்டே நிக்கும், ஒரு கிழவி பொம்மைக்கு மட்டுமாவது சிரிச்சா கன்னம் மடியணும்னு ஆசைப்பட்டுத்தான் ரப்பருக்கு வந்தேன். வீட்டுலயே பால் இருக்கே, வெளிய எதுக்கு காசு குடுத்து வாங்கணும்னு ஒரு தெனாவட்டு வேற. காலையில சிரட்டையில இருந்து எடுத்து வச்ச பாலை, வேலை எல்லாம் முடிச்சுட்டு மத்தியானம் ஊத்தலாம்னு போனா தயிர் மாதிரி கட்டி கட்டியா கெடக்கு. மரத்துப் பால் வெளிய வந்ததுமே கிருமி வேலை செஞ்சு புளிக்க ஆரம்பிச்சுடும், அதைத் தடுக்கத்தான் கம்பெனிக்காரங்க அம்மோனியா சேக்குறாங்க. மாமனார் பாத்துட்டு, ரப்பர் ஷீட் அடிக்கிறதுக்கு ஆசிட் விட்டு உறைய வைக்கிற வேலை மிச்சம்னு சிரிச்சாங்க.

அடுத்த தடவை அம்மோனியா கலந்து ஊத்தினேன், உறையலை, ஆனா வந்த மூக்கைப் பாக்கணுமே, இழுத்தா நீண்டுச்சு, விட்டா திரும்பிப் போகலை, ஒரு வாரத்துல பிசுபிசுன்னு ஆகி கன்னத்தோட ஒட்டிக்கிச்சு. கந்தகம் சேர்த்து பதப்படுத்தாத ரப்பர் அப்படித்தான் இருக்கும். மரத்துப் பால்ல ரப்பர் நூத்துக்கு 30ல இருந்து 40 வரைக்கும்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. மெஷின்ல சுத்தி தண்ணியைக் குறைச்சு 60 ஆக்கி, முன்னாடியே கந்தகமும் சேர்த்து பக்குவம் பண்ணின பால் தனியா விக்குது, ப்ரீவல்கனைஸ்டு லேடெக்ஸ்னு கேட்டா குடுப்பாங்க. பொம்மைக்கு அதுதான். காஞ்சா போதும், சூடு பண்ண வேண்டாம்.

இப்ப எண்ணெய்க்கு வரேன். பாலை ஊத்துறது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல. அந்த பிளாஸ்டர் பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அது பால்ல இருக்குற தண்ணியை உறிஞ்சிக்கும், அப்ப சுவரை ஒட்டி ரப்பர் ஒரு தோல் மாதிரி படியும். எவ்வளவு நேரம் விடுறீங்களோ அவ்வளவு தடிமன், நான் கன்னத்துக்கு 20 நிமிஷம் விடுவேன், காதுக்கு இன்னும் கொஞ்சம் கூட, அப்புறம் மிச்சப் பாலை திருப்பி டப்பாவுல கொட்டிடலாம். இதுல போய் எண்ணெய் தடவினா ஓட்டை எல்லாம் அடைஞ்சு போகும், தோலே படியாது. அதோட எண்ணெய் ரப்பருக்கு ஜென்ம விரோதி, ஊறி உப்பி பலமில்லாம போயிடும். வாஸ்லினும் அதே கதைதான். ரப்பர் ஊத்துற அச்சுக்குள்ள எதுவுமே தடவக்கூடாது, வார்னிஷ் கூட கூடாது. காஞ்சப்புறம் உள்ள முகப்பவுடரோ சோளமாவோ தூவி, தூவிக்கிட்டே மெதுவா உரிக்கணும், பவுடர் போடாம உரிச்சா உள்பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது.

எழுதினவங்க எங்க கொழப்பிக்கிட்டாங்கன்னு எனக்குப் புரியுது. ரெண்டு பாதி அச்சு செய்யறப்போ மொதல் பாதி பிளாஸ்டர் மேல ரெண்டாவது பாதியை ஊத்துவோம்ல, அங்க ரெண்டும் ஒட்டிக்காம இருக்க சோப்புக் கரைசல் தடவுவோம், அதுவும் பின்னாடி நல்லா கழுவிடணும். அதை இதோட சேத்துட்டாங்க போல.

சொல்லப்போனா பால் ஊத்துறதை விட அச்சு செய்யறதுதான் வேலை. குளத்துக் களிமண்ல மொகத்தை பிடிச்சுக்கிட்டு, பாதி வரைக்கும் வேற களிமண்ல புதைச்சு, ஓரத்துல கரண்டிக் காம்பால நாலு குழி தோண்டணும், ரெண்டு பாதியும் சரியா உக்காரணும்ல அதுக்கு. பிளாஸ்டர் கலக்குறப்போ தண்ணியில பவுடரைத் தூவணும், பவுடர் மேல தண்ணி ஊத்தினா கட்டி விழும், மேல தீவு தீவா நிக்கற வரைக்கும் தூவிட்டு ஒரு நிமிஷம் ஊற விட்டு அப்புறம்தான் கையை விடணும். இறுகும்போது நல்லா சூடாகும், அதனால பிள்ளைங்க கையை அதுக்குள்ள வச்சு அச்சு எடுக்குற விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், பெரிய காயமே ஆகிடும். அச்சு நல்லா காயலைன்னா தண்ணியை உறிஞ்சாது, எங்க மாவட்டத்துல ரெண்டு பருவ மழையும் பெய்யும், ஆடி மாசம் செஞ்ச ஒரு அச்சு காய மூணு வாரம் ஆச்சு. அவசரப்பட்டு அடுப்பு மேல வச்சேன், ஓரம் எல்லாம் சுண்ணாம்பு மாதிரி பொடிஞ்சுடுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பால் காயும்போது சுருங்கும், கண்ணுக்கு வச்சிருந்த கோலிக்குண்டு குழியில உக்காரவே இல்லை, அதனால களிமண் மொகத்தை கொஞ்சம் பெருசாவே பிடிக்கணும். அடுத்தது செம்புக் கம்பி. கிழவி விரல் மடங்கணும்னு பழைய மோட்டார் காயில்ல இருந்து பிரிச்ச கம்பியை உள்ள வச்சேன், நாலஞ்சு மாசத்துல கம்பியைச் சுத்தி ரப்பர் பிசின் மாதிரி இளகிப்போச்சு. செம்பு பட்டா ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகுமாம், எனக்கு பொம்மை கெட்டப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப அலுமினியக் கம்பிதான், பால் கலக்குறதும் பிளாஸ்டிக் டப்பாவுலதான். அம்மோனியா வாடைக்கு ஜன்னல் தெறந்து வைக்கணும், பலூன் ஊதினா உதடு அரிக்குது, கிளவுஸ் போட்டா கை தடிக்குதுன்னு சொல்றவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கட்டுரையில இங்கிலாந்து டிவியில 1984ல வந்த ஸ்பிட்டிங் இமேஜ்ங்குற கேலி நிகழ்ச்சியோட பொம்மைங்களும் இப்படி ஊத்தி எடுத்ததுதான்னு போட்டிருந்துச்சு. அது நுரை லேடெக்ஸ்ங்க, முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சு நுரையாக்கி அச்சுல விட்டு ஓவன்ல வேக வைக்கிறது, நம்ம வீட்டு வேலை இல்லை. அதே மாதிரி இனிமே நம்ம பொம்மலாட்டத்துக்கும் ரப்பர்தான்னு முடிச்சிருந்தீங்க, அதுலயும் எனக்கு உடன்பாடு இல்லை. கும்பகோணம் பக்கத்து மரப்பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ வரைக்கும் இருக்கும்னு சொல்லுவாங்க, கயிறும் கம்பியும் சேந்து ஆடுற அந்த ஆட்டத்துக்கு மரத்தோட கனம் வேணும். ரப்பர் முகம் கைக்குள்ள போட்டு ஆட்டுற பாவைக்குத்தான் சரி.

கடைசியா ஒரு ஆதங்கம். இத்தனை ரப்பர் மரத்துக்கு நடுவுல இருந்துக்கிட்டு எனக்கு ரெண்டு லிட்டர் லேடெக்ஸ் வேணும்னா கூரியர்ல வெளியூர்ல இருந்துதான் வருது, இங்க கேட்டா பேரல் கணக்குல எடுத்தா பேசுவோம்ங்கறாங்க. சுய உதவிக் குழுக்களுக்கு மெழுகுவத்தி, சோப்பு எல்லாம் சொல்லிக் குடுக்குறாங்களே, இந்த அச்சு வேலையையும் பத்து நாள் சொல்லிக் குடுத்து, பாலை சின்ன டப்பாவுல விக்க யாராவது ஏற்பாடு பண்ணினா நல்லாருக்கும்.

அது நடக்குறப்போ நடக்கட்டும். அந்த எண்ணெய் வரியை மட்டும் இந்த வாரமே திருத்திப் போட்டுடுங்க. எங்க ஊர் டீச்சர் ஒருத்தங்க மே மாச கேம்ப்புக்கு உங்க அரைப்பக்கத்தை வெட்டி லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க, நான் சொன்னா, பேப்பர்லயே போட்டிருக்கே அக்கான்னு கேக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.