படிக்க வைத்தது போதும், எழுத வையுங்கள்: சி.எஃப்.ஏ. மூன்றாம் நிலைப் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சி மையங்களை நடத்துவோருக்கும் பாடத் தொகுப்புகளை வடிவமைப்போருக்கும்,

வணக்கம். முதலீட்டுத் துறையினருக்கான சி.எஃப்.ஏ. (Chartered Financial Analyst) தகுதியின் கடைசிக் கட்டமான மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் பாடம் எடுப்பவர்களும் மாதிரி விடைகளைத் திருத்துபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. நீங்கள் விற்கும் தொகுப்புகளில் காணொளி மணிநேரத்தைக் குறைத்து, மாணவர் தட்டச்சிட்ட விடையை ஒரு மனிதர் படித்துத் திருத்தும் மணிநேரத்தைக் கூட்டுங்கள்.

தேர்வின் அமைப்பே இதற்குக் காரணம். இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 மணி 12 நிமிடம். ஓர் அமர்வில் 11 கேள்வித் தொகுதிகள் என்பதால் தொகுதிக்குச் சராசரியாக 12 நிமிடம்தான். முதல் இரண்டு நிலைகளில் மூன்று தெரிவுகளில் ஒன்றைக் குறித்துப் பழகிய மாணவருக்கு, இங்கே பாதி மதிப்பெண் வெறும் பெட்டியில் தட்டச்சிடும் விடைக்குப் போகிறது. சரியான வரியைப் பார்த்ததும் அடையாளம் காண்பது ஒரு திறன், பார்க்காமல் அதை எழுதுவது வேறொரு திறன். உங்கள் கேள்வி வங்கிகள் பெரும்பாலும் முதலாவதையே வளர்க்கின்றன. அதில் எண்பது விழுக்காடு எடுக்கும் மாணவர்கூட எழுத்துவிடைத் தொகுதி வந்ததும் திணறிப்போவது அதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலீட்டுத் தொகுப்பில் ஒரு சொத்து வகைக்குப் பரிவர்த்தனைச் செலவு அதிகம், மற்ற சொத்துகளுடன் அதன் ஒட்டுறவும் (சேர்ந்து நகரும் போக்கு) அதிகம். அதன் மறுசமநிலை வரம்பு (இலக்கு விகிதத்திலிருந்து எவ்வளவு விலகினால் விற்று வாங்கிச் சரிசெய்வது என்ற எல்லை) அகலமாக வேண்டுமா, குறுகலாக வேண்டுமா எனத் தீர்மானித்து இரண்டு காரணங்களால் நியாயப்படுத்தச் சொல்கிறது கேள்வி. பயிற்சியில்லாத விடை இப்படி இருக்கும்: 'மறுசமநிலை வரம்பு பல காரணிகளைப் பொறுத்தது. செலவு, ஒட்டுறவு, ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.' இதில் பிழை ஏதும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தேறும் விடை இது: 'அகலம். ஒன்று, இந்தச் சொத்தில் பரிவர்த்தனைச் செலவு அதிகம். அடிக்கடி விற்று வாங்கினால் மறுசமநிலையின் பலனைச் செலவே விழுங்கிவிடும். இரண்டு, மற்ற சொத்துகளுடன் ஒட்டுறவு அதிகம். எல்லாம் ஒரே திசையில் நகர்வதால், இலக்கு விகிதத்திலிருந்து அது பெரிதாக விலகிப்போகும் வாய்ப்பு குறைவு.' முடிவு முதலில் வருகிறது. காரணம் ஒவ்வொன்றும் கேள்வியில் தந்த தகவலைத் தொட்டு, 'அதனால் என்ன' என்பதையும் சொல்கிறது. அதற்குமேல் ஒரு வரிகூடத் தேவையில்லை.

இரண்டு காரணம் கேட்டால் முதல் இரண்டு மட்டுமே திருத்தப்படும். ஐந்தை அடுக்கி வைத்து அதில் இரண்டேனும் சரியாக இருக்கும் என்று நம்புவது நேர விரயம். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைவதில்லை, குறிப்பு வடிவிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் நீளமாக எழுதத் தயங்கும் மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேவையற்ற பயம் பாதி குறையும்.

கட்டளைச் சொற்களைத் தனிப் பாடமாகவே நடத்தலாம். 'தீர்மானி' என்றால் ஒரு பக்கம் சாய வேண்டும், 'ஒருபுறம், மறுபுறம்' என்று எழுதினால் எதுவும் கிடைக்காது. 'நியாயப்படுத்து' என்றால் முடிவுக்கான காரணம் கேள்வியின் தகவலிலிருந்து வர வேண்டும். 'கணக்கிடு' என்றால் எண்ணும் வழிமுறையும் வேண்டும். வழிமுறை திரையில் இருந்தால், கடைசி எண் தவறினாலும் பகுதி மதிப்பெண்ணுக்கு இடமுண்டு. காகிதத்தில் கணக்குப் போட்டு விடையை மட்டும் தட்டச்சிடும் மாணவர் அந்த இடத்தை இழக்கிறார். ஆகவே கூட்டல், பெருக்கல், அடுக்குக் குறிகளை விசைப்பலகையில் வரிசையாக அடிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

கணக்குகளில் எங்கே வழுக்குகிறது என்பதையும் உங்கள் நோட்ஸ் சொல்வதில்லை. பங்குகளிலிருந்து எதிர்பார்க்கும் வருவாயைக் கணிக்கும் கிரினோல்ட்–குரோனர் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈவுத்தொகை வருவாய் 2.1%, பணவீக்கம் 2.0%, நிறுவன லாபத்தின் உண்மை வளர்ச்சி (பணவீக்கம் நீங்கலாக) 2.3%, விலை-வருவாய் விகித மாற்றம் −0.2%, பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 0.5% குறைகிறது. நிறுவனம் பங்குகளைத் திரும்ப வாங்குவதால் எதிர்பார்க்கும் வருவாயில் 0.5% கூட வேண்டும், மொத்தம் 6.7%. வாய்பாட்டில் அந்த உறுப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைப் பார்த்து 0.5-ஐக் கழித்துவிடுகிறவர்கள் 5.7% என்கிறார்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்திருந்தும் பொருளைப் பிடிக்காததால் வரும் பிழை இது.

இன்னொன்று, செயல்திறன் பகுப்பாய்வு, அதாவது தொகுப்பின் வருவாய் குறியீட்டிலிருந்து ஏன் வேறுபட்டது என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு துறையில் தொகுப்பின் எடை 40%, ஒப்பீட்டுக் குறியீட்டின் எடை 30%. குறியீட்டில் அந்தத் துறையின் வருவாய் 5%, மொத்தக் குறியீட்டின் வருவாய் 8%. பிரின்சன்–ஹூட்–பீபவர் முறையில் ஒதுக்கீட்டு விளைவு (எடையை மாற்றியதால் வந்த பலன்) 0.10 × 5% = +0.5%. பிரின்சன்–ஃபாக்லர் முறையில் 0.10 × (5% − 8%) = −0.3%. எல்லாத் துறைகளையும் கூட்டினால் இரண்டு முறையிலும் மொத்தம் ஒன்றே. துறை அளவில் மட்டும் குறியே மாறுகிறது. மேலாளரின் முடிவு நல்லதா என்று கேட்டால், குறியீட்டைவிடப் பின்தங்கிய துறையில் எடையைக் கூட்டியவருக்குப் பாராட்டு எழுதக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் கற்பிக்கும் நோட்ஸ் அரிது.

இனி நூல்கள். அதிகாரபூர்வப் பாடநூலா சுருக்கக் குறிப்பா என்ற விவாதத்தில் ஒரே விடை எல்லாப் பகுதிக்கும் பொருந்தாது. சொத்து ஒதுக்கீடு, தொகுப்புக் கட்டமைப்பு, வழிப்பொருள்கள் (டெரிவேட்டிவ்கள்) ஆகியவற்றில் முதல் வாசிப்புக்குச் சுருக்கக் குறிப்பு போதும். ஆனால் அதிகாரபூர்வ நூலின் இடைப்பட்ட எடுத்துக்காட்டுகளையும் இயல் முடிவுக் கேள்விகளையும் ஒன்றுவிடாமல் எழுதிப் பார்க்க வேண்டும். தேர்வின் தொனியும் விடையின் நீளமும் அங்கேதான் பிடிபடும். நெறிமுறைப் பகுதியை மூல நூலிலேயே படிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு சொல் மாறினால் தீர்ப்பே மாறும். 2025 முதல் மாணவர் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பாதைக்கு 30 முதல் 35 விழுக்காடு எடை. தொகுப்பு மேலாண்மை, தனியார் செல்வம் (தனிநபர்களின் செல்வத்தை நிர்வகிப்பது), தனியார் சந்தைகள் (பங்குச் சந்தையில் பட்டியலிடாத முதலீடுகள்) என மூன்று பாதைகள். அந்தப் பகுதியைச் சுருக்கி விற்பது மூன்றில் ஒரு பங்குத் தேர்வைச் சுருக்கி விற்பதற்குச் சமம். அதற்கும் மூல நூலே வேண்டும்.

பழைய வினாத்தாள்களை உங்களில் பலர் கட்டுக் கட்டாகக் கொடுக்கிறீர்கள். கொடுப்பது நல்லதே. எழுத்துவிடைக்கு அவற்றைவிட நல்ல பயிற்சித் தாள் இல்லை. ஆனால் சலிக்காமல் கொடுப்பது தவறு. பழைய தாள்களில் தனிநபர் முதலீட்டுக் கொள்கை அறிக்கை (ஒருவரின் இலக்கையும் இடர் தாங்கும் அளவையும் வரையறுப்பது) பெரிய இடத்தைப் பிடித்திருந்தது. இப்போது அந்த விரிவான கணக்குகளில் பெரும்பகுதி தனியார் செல்வப் பாதைக்கு உரியது. தனியார் சந்தைகள் பாதைக்கோ பழைய தாள் என்று ஒன்றே கிடையாது. நடப்பு ஆண்டின் கற்றல் இலக்குகளோடு ஒவ்வொரு கேள்வியையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நீக்கிய பிறகே மாணவர் கையில் கொடுங்கள். பாடநூலின் பிழைதிருத்தப் பட்டியலையும் அத்துடன் சேருங்கள்.

நேரப் பங்கீட்டைப் பொறுத்தவரை, மொத்தம் 300 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எங்கள் பரிந்துரை இது. வாசிப்புக்கும் காணொளிக்கும் 130, எழுத்துவிடைப் பயிற்சிக்கும் அதன் திருத்தத்துக்கும் 110, முழு மாக் (ஒத்திகை) தேர்வுகளுக்கும் அவற்றின் அலசலுக்கும் 60. வாசிப்பு முடிந்த பிறகு எழுதத் தொடங்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள். முதல் பாடம் முடிந்த வாரமே இரண்டு எழுத்துவிடைத் தொகுதிகள் எழுத வேண்டும். அரைகுறையாகத்தான் வரும், அதனால் கேடில்லை. தொகுதிக்கு 12 நிமிடக் கடிகாரம்: வாசிக்க 3, எழுத 8, சரிபார்க்க 1. முழு மாக் நான்கு போதும். அதற்குமேல் எழுதினால் அலசுவதற்கு நேரமிருக்காது, அலசாத மாக் களைப்பை மட்டுமே தரும்.

திருத்தும்போது 'சரி', 'தவறு' என்று மட்டும் குறிக்காதீர்கள். ஒவ்வொரு இழப்புக்கும் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வியின் தகவலைப் பயன்படுத்தவில்லை, கட்டளைச் சொல்லை மீறினார், கணக்குப் பிழை, நேரம் போதவில்லை. முதலாவதற்குத்தான் மறுவாசிப்பு மருந்து. மற்ற நான்குக்கும் மறுபடி மறுபடி எழுதுவதே மருந்து. இந்தப் பிரிப்பு இல்லாததால், எழுத்தில் மதிப்பெண் இழந்த மாணவரை நீங்கள் மீண்டும் காணொளிக்கு அனுப்புகிறீர்கள். அவர் ஏற்கெனவே அறிந்ததையே மீண்டும் பார்த்துவிட்டு, அதே பிழையோடு அடுத்த தேர்வுக்குப் போகிறார்.

திருத்துவதற்கு ஆள் தேவை, செலவாகும் என்று சொல்வீர்கள். உண்மைதான். காணொளியை ஒருமுறை பதிவு செய்தால் ஆயிரம் பேருக்கு விற்கலாம், விடைத்தாளை ஒவ்வொன்றாகத்தான் படிக்க முடியும். அந்தச் செலவை வெளிப்படையாகவே கட்டணத்தில் சேருங்கள், மாணவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த சேர்க்கை அறிவிப்பில் காணொளி எத்தனை மணி நேரம் என்பதற்கு அடுத்த வரியில், ஒரு மாணவருக்கு எத்தனை எழுத்துவிடைத் தொகுதிகளை மனிதர் திருத்துவார், எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்ற இரண்டு எண்களையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை விடைகளைத் திருத்தும் ஆசிரியர்கள்